முடியாத கஷ்டத்துக்கு மைக் கிடைக்குமா?

பிரிக்பீல்ட்ஸில் லுத்தரன், மெத்தடிஸ்ட், கத்தோலிக்க ஆலயங்கள் எல்லாம் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து கிள்ளான் வரைக்கும் கடைவீட்டு மாடிகளில் இயங்கும் சின்னச் சின்னத் தமிழ்ச் சபைகளையும் சேர்த்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை 'சாட்சி' சொல்லப்படும் என்று கணக்கு வைக்க முடியாது. சாட்சிக்கு ஒரு வடிவம் உண்டு. வியாதி வந்தது, வேலை போனது, பையன் கெட்ட சகவாசத்தில் விழுந்தான், ஜெபித்தோம், கர்த்தர் கைவிடவில்லை. ஸ்தோத்திரம், கைத்தட்டல். கேலியாகச் சொல்லவில்லை. தோட்டத்திலிருந்து பலகை வீட்டுக்கும், அங்கிருந்து அடுக்குமாடிக்கும் தள்ளப்பட்ட சனங்களுக்குத் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நின்று சொல்லக் கிடைத்த இடம் பல சமயம் அந்த மைக் ஒன்றுதான்.

ஆனால் முடிந்துபோன கஷ்டத்துக்குத்தான் மைக் கிடைக்கும். முடியாத கஷ்டத்தோடு இருப்பவர் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய், "எல்லாம் உங்க விசுவாசத்த ஆழமாக்கத்தான் சிஸ்டர்" என்போம். அந்த வாக்கியம் எனக்கு எப்போதும் உறுத்தும். பவுல் ரோமருக்கு எழுதியபோது, உபத்திரவம் பொறுமையைக் கொண்டுவரும் என்ற பொருளில் சொன்னது உண்மைதான். ஆனால் அடியும் சிறையும் பட்ட ஆள் அவர்; 'நாங்கள்' என்று தன்னையும் சேர்த்துத்தான் எழுதினார். அடுத்தவன் முதுகைப் பார்த்து எழுதவில்லை.

2017 பிப்ரவரி 13 காலையில் கெலானா ஜெயாவில் போதகர் ரேமண்ட் கோவின் காரைக் கறுப்பு வாகனங்கள் வந்து மறித்தன. ஒரு நிமிடத்துக்குள் ஆளையும் கொண்டுபோனார்கள், காரையும் கொண்டுபோனார்கள். அந்த சிசிடிவி காட்சியை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்திருக்கிறோம். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. 2019 ஏப்ரல் 3ஆம் தேதி மனித உரிமை ஆணையமான சுஹாகாம், புக்கிட் அமானின் சிறப்புப் பிரிவே இதைச் செய்தது என்று முடிவு சொன்னது. வலிந்து காணாமலாக்கப்படுதல். இலங்கைச் செய்திகளில் படித்துப் பழகிய சொல், நம் ஊர்ப் பெயரோடு. கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்ததும் அதே மாதம்தான், ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 20இல்.

ரேமண்டின் மனைவி சூசன்னா லியூவின் விசுவாசம் இதனால் ஆழமானதா? அதை அளக்க நான் யார். வெளியே தெரிவதைத்தான் சொல்ல முடியும். விசாரணைக்குப் போய் உட்கார்ந்தார். 2020இல் போலீசார் மீதும் அரசாங்கத்தின் மீதும் வழக்குப் போட்டார். 2025 நவம்பர் 5ஆம் தேதி கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ரேமண்ட் எங்கே என்று சொல்லும் வரைக்கும் ஒரு நாளுக்கு 10,000 ரிங்கிட் என்று கணக்கு. நான் அந்தத் தொகையைப் பார்க்கவில்லை, 'சொல்லும் வரைக்கும்' என்பதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் கேட்பது 'எங்கே' என்ற ஒரு சொல். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

சோர்ந்துபோகாமல் ஜெபிப்பது எப்படி என்று இயேசு ஒரு கதை சொல்கிறார், லூக்கா 18இல். கடவுளுக்கும் பயப்படாத, மனுஷரையும் மதிக்காத ஒரு நியாயாதிபதி. அவனிடம் ஒரு விதவை போய்க்கொண்டே இருக்கிறாள். தொல்லை தாங்காமல் அவன் நியாயம் செய்கிறான். பொறுமைக்குப் பாடமாக இதைப் பிரசங்கிப்பார்கள். எனக்கு என்னவோ இதில் பொறுமையே தெரியவில்லை. அவள் வாசலில் அழுது முடித்து, 'எல்லாம் சித்தம்' என்று வீட்டுக்குப் போகிறவள் இல்லை. ஜெபத்துக்கு அவர் எடுத்த உதாரணமே கோர்ட்டுக்கு நடையாய் நடக்கிற ஒரு பெண். சூசன்னாவின் நிலை இன்னும் கொடுமை, தான் விதவையா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்லவர்கள்தான். பிறகு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் கடவுள் கோபப்பட்டது அவர்கள்மீது, தன்னோடு மல்லுக்கு நின்ற யோபுவை அல்ல. தனக்கு வக்காலத்து வாங்கியவர்களைவிட தன்னைக் கேள்வி கேட்டவனே தன்னைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்கிறார். கஷ்டம் தானாக யாரையும் ஆழமாக்குவதில்லை. கசந்துபோய் சபையை விட்டுப் போனவர்களை எல்லாச் சபைக்கும் தெரியும். அவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. போகாமல் நின்று கேட்டுக்கொண்டே இருப்பவரிடம் ஆழம் இருந்தால், அது அந்தக் கேள்வியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கேட்கிறவர் இன்னும் எதிரே ஒருவர் இருப்பதாக நம்புகிறார் அல்லவா.

அதே நவம்பர் 5ஆம் தேதி இன்னொரு குடும்பத்துக்கும் தீர்ப்பு வந்தது. பெர்லிஸ் மாநிலத்தில் 2016 நவம்பர் 24ஆம் தேதி காணாமலாக்கப்பட்ட அம்ரி சே மாட்டின் குடும்பம். அவர் மனைவி நோர்ஹயாத்தி முஸ்லிம் பெண். இரண்டு பேரும் வேறு வேறு மொழியில், வேறு வேறு முறையில் தொழுகிறவர்கள். கேட்டது மட்டும் ஒரே கேள்வி. நம் சபைகளின் சாட்சி நேரத்தில் இவர்களைப் போன்றவர்களுக்கு இரண்டு நிமிடம் மைக் கொடுத்தால் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கிறேன். 'ஸ்தோத்திரம்' என்று எந்த இடத்தில் சொல்வது என்று நமக்குத்தான் தெரியாமல் போகும்.