தோம்பில் ஏறாத கோடுகள்

படம் கீறத் தெரிந்தவன்தான் கீற வேண்டும் என்ற எண்ணம் எம்மவரிடையே இன்னும் கெட்டியாகவே இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், முடிவுறாத தோம்பு என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 2011இல் வெளியிட்ட நூல் அதைக் கலைத்துவிடுகிறது. விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறும்படி இடம்பெயர்ந்தவர்களைக் கேட்டார். அவர்களது தரைப்படம், கட்டடக்கலைஞரின் முறையில் அதைத் திருத்தி வரைந்த படம், பின் சனாதனனின் சொந்தச் சித்திரம் என எல்லாமே ஓர் அலுவலகக் கோவை போலக் கட்டப்பட்டன. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எமது காணிகளைப் பதிந்து வைத்த ஏடு. ஆண்டவன் எழுதிய ஏட்டை இங்கே இழந்தவன் எழுதுகிறான். 1990 ஒக்ரோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களையும் சேர்த்தே இழந்தவன் என்கிறோம்.

நினைவு அளவுநாடாவுக்கு அடங்குவதில்லை. எம்மைக் கீறச் சொன்னாலும் கிணறு அறையைவிடப் பெரிதாகிவிடும். படலை எந்தத் திசையில் என்று சண்டை வரும். இப்படியான கோட்டைச் சாட்சியமாக யார் ஏற்பார்?

அவுஸ்திரேலியாவில் இக்கேள்வி ஏற்கெனவே எழுந்ததுதான். 1997இல் மேற்கிலுள்ள பெரும் மணற் பாலைவனத்தின் நுகுறாரா மக்கள், பூர்வீகக் காணியுரிமைத் தீர்ப்பாயத்துக்குத் தம் நிலத்தை விளக்க, 8 மீற்றருக்கு 10 மீற்றர் துணியொன்றில் தமது நீர்நிலைகளை வரைந்தார்கள். அவரவர் பகுதியின் மேல் ஏறிநின்று அவரவர் மொழியில் பேசினார்கள். அது ஓவியமா, வரைபடமா, சத்தியக் கடதாசியா? மூன்றும்தான். 2007இல் உரிமை ஏற்கப்பட்டது. படம் மட்டுமே வென்றது என்று சொல்லமாட்டோம். இடையில் பத்து வருட வழக்கு இருக்கிறது.

இந்த வாதத்தை எமது யாழ்ப்பாணத்து வீடுகளுக்காக உடனே இரவல் வாங்கிவிடுவோம். வென்ற்வேர்த்வில்லிலும் டண்டினோங்கிலும் வங்கிக் கடனில் வாங்கிய வீடுகளை என்ன செய்வது? சிட்னியைச் சுற்றிய மணற்பாறைகளில் திமிங்கிலங்களும் கங்காருக்களும் கீறப்பட்டுக் கிடக்கின்றன. அங்கே நினைவைக்கூட நம்பத் தேவையில்லை, கல்லே இருக்கிறது. ஆனால் தனியாருக்கு முழுவுரிமையாக வழங்கப்பட்ட காணியில் பூர்வீக உரிமை அற்றுப்போகும் என்று உயர் நீதிமன்றம் 1998இல் தீர்த்துவிட்டது. அதாவது, எமது கையிலுள்ள உறுதியே அவர்களது கோட்டை அழிக்கும் தாள்.

நாம் அகதிகள், நாம் எதையும் பறிக்கவில்லை என்பார்கள். உண்மைதான். ஒல்லாந்தரின் தோம்பில் பெயர் பதிந்துகொண்ட எம்மூர்க்காரர்களும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள்.