கேள்விக்கும் தகுதி வேண்டும்

பொய் சொல்லலாமா என்று யாராவது கேட்டால், கூடாது என்று உடனே சொல்லிவிடுகிறோம். சென்ற மாதம் ஒரு பெண் அதே கேள்வியை என்னிடம் கேட்டபோது அவ்வளவு எளிதாக விடை வரவில்லை.

எங்கள் தெருவில் வளர்ந்த பெண். பி.காம். படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். மூன்று இடங்களில் இண்டர்வியூவுக்குப் போய் வந்தாள். மூன்று இடங்களிலும் வரவு செலவுக் கணக்கைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார்கள். அதன் பிறகு, "கல்யாணம் எப்போது? கல்யாணமான பிறகு வேலைக்கு வருவீர்களா? குழந்தை பிறந்தால்?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முதல் இரண்டு இடங்களில் உள்ளதைச் சொன்னாள். "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. மூன்றாவது இடத்தில், "இப்போதைக்கு அப்படி எண்ணம் எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டாள். வேலை கிடைத்துவிட்டது.

"நான் செய்தது தப்பா, மாமா?" என்று கேட்டாள். வேலை கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில் பாதிதான் இருந்தது.

தத்துவ உலகில் இது பழைய வழக்கு. ஜெர்மானியத் தத்துவ ஞானி இம்மானுவேல் காண்ட் 1797-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரன் ஒருவன் துரத்தி வருகிறான், அவனுக்குப் பயந்து உங்கள் நண்பர் உங்கள் வீட்டில் ஒளிந்திருக்கிறார், "அவன் உள்ளே இருக்கிறானா?" என்று கொலைகாரன் கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக் கூடாது என்பது காண்டின் முடிவு. வள்ளுவரின் தராசு வேறு. வாய்மை அதிகாரத்தில் அவர் சொல்லை மட்டும் பார்க்கவில்லை. அந்தச் சொல்லால் யாருக்காவது தீங்கு வருமா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்.

விந்தை என்னவென்றால், காண்ட் எழுதிய அதே மொழி பேசும் நாட்டில்தான் தொழிலாளர் நீதிமன்றங்கள் அவருக்கு நேர்மாறான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 2003-இல் ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. வேலைக்கு மனுப்போட்ட ஒரு பெண்ணிடம், கருவுற்றிருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். கருவுற்றிருந்த அவள், இல்லை என்று சொல்லியிருக்கிறாள். ஏமாற்றிவிட்டாள், ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்றது நிர்வாகம். அப்படிக் கேட்டதே முறையில்லை, ஆகவே அந்தப் பதிலைக் காட்டி ஒப்பந்தத்தை உடைக்க முடியாது என்றது நீதிமன்றம். முறையற்ற கேள்விக்கு இப்படிப் பதில் சொல்வதை அங்கே 'பொய் சொல்லும் உரிமை' என்றே குறிப்பிடுகிறார்கள்.

பொய்க்கு உரிமையா என்று காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம். அந்தத் தீர்ப்பு பொய்யைப் புகழவில்லை. கேள்வியை விசாரித்திருக்கிறது. நாம் பதிலை மட்டுமே விசாரித்துப் பழகியவர்கள்.

கேட்பதற்கும் ஓர் உரிமை வேண்டும் அல்லவா? வைத்தியர் கேட்கிற கேள்வியைப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்டால் நாம் பதில் சொல்வதில்லை. லாரி ஓட்ட ஆள் தேடுகிறவர், "கண் நன்றாகத் தெரியுமா?" என்று கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும். அங்கே பொய் சொல்கிறவன் சாலையில் போகிற எல்லாருடைய உயிரையும் பணயம் வைக்கிறான். மூன்று வருஷம் கணக்கெழுதிய அனுபவம் உண்டு என்று இல்லாததைச் சொல்லி நாற்காலியில் உட்காருகிறவன், வெளியே பெஞ்சில் காத்திருக்கும் இன்னொருவனுடைய சோற்றைத் திருடுகிறான். வேலையைப் பற்றிய கேள்வியில் பொய்க்கு இடமே இல்லை. ஆனால் தை மாதக் கல்யாணத்துக்கும் ஐந்தொகை சரியாக வருவதற்கும் என்ன சம்பந்தம்?

முதலாளியின் கட்சியையும் சொல்ல வேண்டும். பேறுகாலச் சம்பள விடுமுறையை 2017-இல் நம் சட்டம் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குகிற பெண்ணுக்கு அந்த 26 வாரச் சம்பளத்தையும் முதலாளியே கொடுக்க வேண்டும். பதினைந்து பேரை வைத்துக் காரியாலயம் நடத்துகிறவருக்கு இது பாரம்தான், மறுக்கவில்லை. அந்தப் பாரத்தை அரசாங்கமும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவர் வாதாடினால் நானும் அவர் பக்கம் நிற்பேன். வேலை தேடி வருகிற பெண்ணின் தலையில் அதை இறக்கி வைப்பது நியாயம் ஆகாது.

"உன் தப்பு இல்லை. அதற்காக அந்தப் பொய்யை உண்மை என்றும் நான் சொல்ல மாட்டேன். பொய் பொய்தான். ஆனால் அதில் பெரிய பங்கு கேட்டவருடையது" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"அது என் சொந்த விஷயம், வேலையைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று மரியாதையாக மறுத்திருக்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். அதுதான் உத்தமமான பதில். ஆனால் அப்படிச் சொல்லும் தைரியத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவு பாங்கியில் இருக்கும். அது இல்லாத வீட்டுப் பெண்ணிடம் போய், நம் சாய்வு நாற்காலியிலிருந்து வீரம் போதிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. "இதற்கு முன் என்ன சம்பளம் வாங்கினீர்கள்?" மிகச் சாதாரணமாகக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-இல் ஒரு சட்டம் இயற்றி, வேலை தருவதாகச் சொல்லிச் சம்பளத்தையும் பேசி முடிப்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்றது. அது 2018-இல் அமலுக்கு வந்தது. காரணம் எளிது. முதல் இடத்தில் ஒருத்திக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டால், அடுத்த இடமும் அதையே அளவாக வைத்துக்கொள்கிறது. ஒரு முறை நடந்த அநியாயம் ஆயுள் முழுவதும் அவள் கூடவே வருகிறது.

இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டு வாசற்படியிலும் இண்டர்வியூ நடக்கிறது. வருகிறவளுக்கு நாற்காலிகூடக் கிடையாது. "மாடி வீட்டில் என்ன கொடுக்கிறார்கள்? புருஷன் என்ன செய்கிறான்? குடிப்பானா? இன்னும் குழந்தை பெற்றுக்கொள்ளும் உத்தேசம் உண்டா?" பாத்திரம் துலக்குவதற்கு இவ்வளவு விவரம் தேவைப்படுகிறது. அவள் மாடி வீட்டுச் சம்பளத்தில் இருநூறு ரூபாய் கூட்டிச் சொல்லியிருந்தாள் என்று பிறகு தெரியவந்தால், "இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியவில்லை" என்று வருத்தப்படுகிறோம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கிறவருக்கென்று வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் எழுதினார்: தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல். பொறுப்பை அவர் யார் தலையில் வைத்தார் என்பது அதிலிருந்தே விளங்குகிறது. வாசற்படியில் நின்று அடுத்த கேள்வியைக் கேட்குமுன், இதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று நாமும் ஒரு கணம் யோசிக்கலாம். எதிரே நிற்பவளுக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் அப்போதே பாதி குறைந்துவிடும்.