சிலுவையும் தீராத கடனும்

சிலுவை தோல்வியா என்னும் கேள்வி கிறிஸ்தவத்திற்குப் புதியதன்று. குற்றவாளியைப் போல மரத்தில் அறையப்பட்டு இறந்த ஒருவரை உலக இரட்சகர் என்று எவ்வாறு வணங்குவது என்று முதல் நூற்றாண்டிலேயே யூதரும் கிரேக்கரும் வினவினர். உலகின் கண்ணுக்குத் தோல்வியாகத் தோன்றிய அந்த இடத்தில்தான் இறைவனின் செயல் நிறைவேறியது என்று புனித பவுல் விடையளித்தார். அந்த விடையே கிறிஸ்தவ இறையியலின் அடித்தளமாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் இதே கேள்வி மீண்டும் எழுந்தது. இம்முறை அதை எழுப்பியவர் பைபிளையே கையில் ஏந்தியிருந்தார். அவர் கொரியாவைச் சேர்ந்த சன் மியுங் மூன். சிலுவை இறைவனின் மூலத் திட்டம் அன்று என்பது அவரது போதனை.

மூன் 1920-இல், இன்று வடகொரியாவாக இருக்கும் பகுதியில் பிறந்தார். பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தார். 1935-ஆம் ஆண்டு ஈஸ்டர் காலத்தில் இயேசு தமக்குக் காட்சி தந்து, முடிவுறாத பணியை முடிக்கும்படி கேட்டுக்கொண்டார் என்று அவர் கூறினார். 1954-இல் சியோல் நகரில் அவர் நிறுவிய இயக்கம் ‘யூனிஃபிகேஷன் சர்ச்’ என்று உலகெங்கும் அறியப்பட்டது. அதன் கோட்பாடுகள் ‘தெய்வீகத் தத்துவம்’ என்னும் பொருள்படும் நூலில் தொகுக்கப்பட்டுள்ளன. ஏவாள் லூசிபருடன் கொண்ட தகாத உறவினால் மனிதகுலத்தின் குருதிவழியே மாசுற்றது என்று அந்நூல் கூறுகிறது. அம்மாசைப் போக்க வந்த இயேசு மணம் புரிந்து தூய குடும்பம் ஒன்றை உருவாக்கியிருக்க வேண்டும். ஆனால் திருமுழுக்கு யோவான் அவருக்குத் துணைநிற்கத் தவறினார்; மக்களும் அவரை ஏற்கவில்லை. ஆகவே அவரது மரணத்தால் ஆன்மாவிற்கு மட்டுமே மீட்புக் கிட்டியது. எஞ்சிய பணியை நிறைவேற்றக் கொரியாவில் ஒருவர் பிறப்பார் என்பது அதன் முடிவு. 1960-இல் மூன் மணந்த ஹக் ஜா ஹானும் அவரும் ‘உண்மைப் பெற்றோர்’ எனப் போற்றப்பட்டனர். 1982 ஜூலையில் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் 2,075 இணைகளுக்கு அவர்கள் ஒரே வேளையில் மணம் நடத்திவைத்ததைப் பத்திரிகைகள் விந்தைச் செய்தியாக வெளியிட்டன. இயக்கத்தினருக்கு அது குருதிவழியை மாற்றும் சடங்கு.

கிறிஸ்தவ உலகம் இதற்கு விரைவிலேயே மறுமொழி கூறியது. 1977-இல் அமெரிக்காவின் தேசிய சர்ச்சுகள் மன்றத்தைச் சார்ந்த இறையியல் ஆணையம், அந்நூலை ஆராய்ந்து, இவ்வியக்கம் கிறிஸ்தவச் சபை ஆகாது என்று அறிவித்தது. ஆனால், மூன் வரிக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டு 1984-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியபோது, அதே தேசிய மன்றம் வேறு பல சபைகளுடன் சேர்ந்து அவர் பக்கம் நின்று மனு அளித்தது. அவரது கோட்பாட்டை ஏற்றதனால் அன்று. ஒரு சமய அமைப்பின் உரிமை அதில் அடங்கியிருக்கிறது என்று கருதியதனால். வழக்கு ஏற்கப்படவில்லை, மூன் பதின்மூன்று மாதங்கள் சிறையிலிருந்தார் என்பது வேறு செய்தி. சமய விவாதம் செய்வோர் அனைவரும் இவ்விரு ஆண்டுகளையும் சேர்த்தே நினைவில் கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிறிஸ்தவர்களின் மறுப்பில் திரித்துவம், கிறிஸ்துவின் தெய்வத்தன்மை முதலிய பல கூறுகள் உண்டு. அவை இறையியலாரின் களம். அனைவர் வாழ்வையும் தொடுவது வேறொன்று. மூனின் போதனையில் ‘ஈட்டுத்தொகை’ என்று சொல்லத்தக்க ஒரு கருத்து மையமானது. இழந்த நிலையை மீண்டும் பெற மனிதன் ஏதேனும் ஒரு நிபந்தனையைச் செலுத்தியாக வேண்டும். அது இழப்பைவிடக் குறைவாக இருக்கலாம், சமமாக இருக்கலாம். முதல் முயற்சி தவறினால் முன்னதைவிட அதிகமாகவும் இருக்கலாம். இதற்கு அவர்கள் காட்டும் சான்று ஆபிரகாம். ஆதியாகமத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் அவர் கிடாரியையும் ஆட்டையும் பிளந்து பலியிடுகிறார், பறவைகளைப் பிளக்கவில்லை. அந்தச் சிறு பிழைக்கு ஈடாகத்தான் பின்னர் மகன் ஈசாக்கையே பலியிடும்படி கேட்கப்பட்டது என்று அந்நூல் விளக்குகிறது. பைபிளில் இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைக்கும் சொல் எதுவும் இல்லை. புறாவுக்கு வட்டியாக மகனைக் கேட்கும் ஒரு கடவுளை, மூனின் நூலை முதன்முறை படிக்கும் கிறிஸ்தவர் தம் கடவுளாக அடையாளம் காண்பது கடினமே.

அவர் அடையாளம் காண்பது லூக்கா நற்செய்தியில் வரும் தந்தையை. சொத்தைப் பிரித்துக்கொண்டு சென்று அழித்த இளைய மகன், பசியால் வாடி வீடு திரும்ப முடிவு செய்கிறான். வழியில் சொல்ல ஒரு பேச்சையும் ஆயத்தம் செய்கிறான்: தான் மகன் எனப்படத் தகுதியற்றவன், கூலியாட்களில் ஒருவனாகத் தன்னை வைத்துக்கொள்ள வேண்டும் என்று. உழைத்துக் கடனைத் தீர்ப்பது அவன் எண்ணம். தூரத்திலேயே அவனைக் கண்ட தந்தை ஓடிவந்து தழுவிக்கொள்கிறார். கூலியாளாகும் வேண்டுகோளை அவன் சொல்வதற்குள் ஆடையும் மோதிரமும் கொண்டுவரச் சொல்கிறார். கணக்குப் பேசவே இடமில்லை. மனிதனுக்காக வருந்தும் கடவுளைப் பற்றி மூனும் உருக்கமாகப் பேசினார். இயக்கத்தில் பலரை ஈர்த்ததும் அதுவே. இறைவன் துயருறும் பெற்றோர் என்பதில் கிறிஸ்தவருக்கு மாறுபாடில்லை. அந்தப் பெற்றோர் ஏட்டைப் புரட்டிக்கொண்டு வாயிலில் நிற்பவரா என்பதே கேள்வி. சிலுவையில் தம் பணி முற்றுப்பெற்றது என்று இயேசு உரைத்ததாக யோவான் எழுதுகிறார். முற்றுப்பெறவில்லை என்று ஒருவர் சொன்னால், மீதியை யார் செலுத்துவது, யாரிடம் செலுத்துவது என்ற கேள்விகள் உடனே பிறந்துவிடும்.

வினைப்பயன் என்னும் கருத்தோடு வளர்ந்த நம் வாசகர்களுக்குக் கடன் என்ற உருவகம் அந்நியமாகத் தோன்றாது. ஜப்பானியருக்கும் அவ்வாறே. 1964-இல் அங்குச் சமய நிறுவனமாக அங்கீகாரம் பெற்ற இவ்வியக்கம், மூதாதையரின் தீவினை இன்றைய குடும்பத்தைத் துன்புறுத்துகிறது என்ற அச்சத்தை அவர்களிடையே எளிதில் விதைக்க முடிந்தது. ஜாடிகளும் சிறு கோபுரங்களும் பெருவிலைக்கு விற்கப்பட்டன. பிழை செய்த ஏவாளின் நிலையிலுள்ள நாடு ஜப்பான், ஆகவே ஆதாமின் நிலையிலுள்ள கொரியாவிற்கு அது செலுத்த வேண்டும் என்றும் கற்பிக்கப்பட்டது. 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டுக்கொன்றவர், தம் தாய் ஏறத்தாழ 10 கோடி யென் காணிக்கை அளித்துக் குடும்பம் நொடித்ததைக் காரணமாகக் கூறினார். கொலையை அது நியாயப்படுத்தாது. ஆயினும் மறைந்திருந்த துயரம் அதன்பின்பே பொதுமன்றத்திற்கு வந்தது. 2025 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் இயக்கத்தின் சமய நிறுவனத் தகுதியைக் கலைக்க ஆணையிட்டது. 1,500-க்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 2,040 கோடி யென் இழந்ததாக அது கணக்கிட்டது. இயக்கம் மேல்முறையீடு செய்தது.

இதைக் கண்டு கிறிஸ்தவர் பெருமிதம் கொள்ள இடமில்லை. இறந்தோரின் ஆன்மாவை விடுவிப்பதாகச் சொல்லிப் பாவமன்னிப்புச் சீட்டுகள் ஐரோப்பாவில் விற்கப்பட்டன. 1517-இல் லூதர் எதிர்த்தெழுந்தது அதனால்தான். அச்சத்தில் இருப்பவனிடம் பணம் வாங்குவது எந்தக் கோட்பாட்டின் நிழலிலும் நடக்கக்கூடியது. முழுவதும் செலுத்தப்பட்ட கடன் என்று போதித்த சபையிலேயே அது நடந்தது. எனினும் லூதர் தம் எதிர்ப்புக்கான சான்றைத் தம் மறைநூலிலேயே காண முடிந்தது.

ஜப்பானில் இப்போது பேசத் தொடங்கியிருப்பவர்கள், இயக்கத்தினரின் குடும்பங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். 2022 டிசம்பரில் முறையற்ற காணிக்கை வசூலைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டதற்கு அவர்களது சாட்சியமும் ஒரு காரணம். ஏவாளைப் பற்றியோ இரண்டாம் வருகையைப் பற்றியோ அவர்கள் வாதிடவில்லை. வீட்டில் உணவிருந்ததா, படிப்புக்கென்று வைத்த பணம் எங்கே போயிற்று, தம் வாழ்க்கைத்துணையைத் தாமே தேர்ந்தெடுக்க முடிந்ததா என்பவற்றையே பேசினர்.