தோல் உள்ளே, ஆள் வெளியேவா?

சிம்பாங் பூலாயில் எங்கள் பஜனைக் குழுவுக்கு மிருதங்கம் வாசிப்பவன் நான். வாத்தியத்தில் கால் படவிடமாட்டேன். தொட்டுக் கும்பிட்டுத்தான் மடியில் வைப்பேன்.

போன வருடம் தமிழ்நாடு போனபோது, தஞ்சாவூரில் ஒரு குடும்பப் பட்டறையில் புது மிருதங்கம் வாங்கினேன். பலாக்கட்டையை அப்பா பிடித்துக்கொள்ள, மகன் எருமைத்தோல் வாரை இழுத்துக் கட்டினார். வலந்தலைக்கு மாட்டுத்தோல், ஆட்டுத்தோல் இரண்டும் வேண்டுமாம். "தோல் சரியில்லன்னா சுருதி நிக்காது தம்பி" என்றார் பெரியவர். பிறகு டீ நீட்டினார். இவர்கள் என்ன ஜாதியோ என்று மனசு கணக்குப் போட்டது. கை தயங்கியது. வாத்தியத்தைக் கும்பிடும் அதே கைதான்!

வெட்கத்தோடு வாங்கிக் குடித்தேன். அப்போது நந்தனார் ஞாபகம் வந்தார். சிவன் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் அவர் என்கிறது பெரியபுராணம். தோல் உள்ளே போனது. அவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தியே விலகி வழிவிட்டது. என் மனசு இன்னும் விலகவில்லையே!

"சுத்தம் பார்ப்பது நம் வழக்கம்தானே?" என்று சிலர் கேட்கலாம். சுத்தம்தான் காரணம் என்றால் தோலையும் தொடக்கூடாது. தோலைக் கும்பிட்டு ஆளைத் தள்ளி வைப்பது பக்தியாகுமா?

எங்கள் மேளங்களுக்கு வார் இறுக்கித் தருபவர் ஈப்போவிலிருந்து வருவார்; வேலை முடிந்ததும் வாசலோடு போய்விடுவார். நாங்களும் கூப்பிட்டதில்லை. இந்தச் சரஸ்வதி பூஜைக்கு அவரைக் குடும்பத்தோடு அழைத்திருக்கிறோம். பந்தியில் அவர் பக்கத்தில் நான் உட்காருவேன்.

உங்கள் குழுவில் எப்படி?