உறங்காதவன் செய்யும் பிழை யாருடையது?

கடையில் ஒரு பிழை நேர்ந்துவிட்டால், அதைச் செய்த கையைத் தேடுவது நமது வழக்கம். பணம் குறைந்தால் கல்லாவில் இருந்தவர். சரக்கு மாறிப்போனால் சீட்டு எழுதியவர். லாரி கவிழ்ந்தால் ஓட்டியவர். இது நியாயமான வழக்கமே. ஆயினும், அந்தக் கைக்கு உரியவர் முந்தின இரவு எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று விசாரிப்பவர் நம்மில் எத்தனை பேர்?

கண் விழித்து உழைத்து முன்னுக்கு வந்தோம் என்று சொல்லிக்கொள்வதில் வணிகர்களாகிய நமக்கு ஒரு பெருமை உண்டு. அப்பெருமையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் மூளைக்கென்று ஒரு பேரேடு இருக்கிறது. அதை எந்த முதலாளியாலும் திருத்தி எழுத முடியாது.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறுகச் சிறுகச் சேர்கிறது. அது சேரச் சேரத் தூக்கம் அழுத்துகிறது, உறங்கினால்தான் குறைகிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள கஃபீன், அடினோசின் அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொண்டு அதன் குரலை அடக்குகிறதே தவிர, கடனை அடைப்பதில்லை. "முதலாளி ஊரில் இல்லை" என்று கடன்காரரை வாசலோடு திருப்பி அனுப்புவது போன்றதே அது. கடன் மிகும்போது, உட்கார்ந்தபடியே மூளை சில வினாடிகள் உறங்கிவிடுகிறது. உறங்கியவருக்கே அது தெரியாமல் போகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரி 3 வினாடியில் 75 மீட்டர் கடந்துவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இறங்குகிறது என்று 1997 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டனர். காலை 6 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்கும் கல்லாவில் இருந்தால், அந்த அளவை எட்டிவிட்டார். மதுவைத் தீண்டாத ஒருவர், மது அருந்தியவரின் கவனத்தோடு பிறர் பணத்தை எண்ணுகிறார்!

"அவரைக் கேட்டேன், முடியும் என்றாரே" எனச் சிலர் கூறலாம். இங்கேதான் சிக்கல். 2003 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 14 நாட்கள் இரவுக்கு 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் தேய்ந்தது. அவர்களோ தமக்குச் சிறிதளவே அயர்வு என்று எண்ணியிருந்தனர். எடைக்கல்லே தேய்ந்துபோனபின், அதைக்கொண்டு அதன் தேய்வை நிறுப்பது எங்ஙனம்?

அப்படியாயின் பொறுப்பாளி யார்? 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் பாறைத்திட்டில் மோதி, சுமார் 1 கோடியே 10 லட்சம் கேலன் எண்ணெய் கடலில் கொட்டியது. அப்போது கப்பலைச் செலுத்திய அதிகாரியின் அயர்வையும் அளவுமீறிய வேலையையும் காரணமாகக் குறித்த அமெரிக்க விசாரணை வாரியம், அத்துடன் நிற்கவில்லை. கப்பல் தலைவரின் குறையையும், ஓய்வு பெற்ற ஆட்களைப் போதிய அளவில் தராத கம்பெனியின் குறையையும் சேர்த்தே எழுதியது.

நீதியான கணக்கு அதுவே. விருப்பத்துடன் விடிய விடிய விழித்திருந்துவிட்டு வேலைக்கு வருபவர் தம் பிழைக்குத் தாமே பொறுப்பாளி. ஆனால் வேலை நேரத்தை வகுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவர் வகுத்த நேரத்தால் விளையும் பிழையிலும் அவருக்குப் பங்கு உண்டு. மிகைநேரக் கூலிக்கு ஊழியர் சம்மதிக்கலாம்; ஊரிலுள்ள குடும்பத்தை நினைத்து எதற்கும் சம்மதிப்பார். ஆனால் அவர் ஓட்டும் வண்டியின் எதிரே வருபவர் அதற்குச் சம்மதிக்கவில்லையே!

வணிக அன்பர்களே! இரவெல்லாம் திறந்திருக்கும் உணவுக்கடைகளும், பெருநாளுக்கு முன் நள்ளிரவு தாண்டியும் விற்பனை நடக்கும் துணிக்கடைகளும் நமக்குப் புதியனவல்ல. நோன்பு மாதத்திலோ அதே ஊழியர் சஹருக்கும் எழ வேண்டும். கடையை மூடச் சொல்லவில்லை. ஆளை மாற்றுங்கள் என்கிறோம். பெரிய தொகையை எண்ணுவதையும் கொள்முதல் முடிவுகளையும் காலைக்கு ஒத்திவையுங்கள். இரட்டை வேலை பார்த்தவரை மோட்டார் சைக்கிளில் தனியே அனுப்பாதீர்கள். அவர் உழைப்பை நாம் கூலி கொடுத்து வாங்கியிருக்கிறோம். அவர் உறக்கம் நம்மிடம் உள்ள அமானிதம். அமானிதத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு, நட்டம் வந்தபின் அவரையே குற்றம் சாட்டுவது நேர்மையான வியாபாரமாகாது.