பொம்மைக்குப் பொறுப்பு உண்டா?

விடுமுறை நாள் மாலை, பள்ளித் திடல். பதினைந்து வயது மாணவன் ஒருவன் போர் விமானம் ஒன்றைக் கையில் ஏந்தி நின்றான். ஃபோம் அட்டையை வெட்டி, பசையை உருக்கி ஒட்டி, கார்பன் குச்சியைச் சிறகுக்குள் எலும்பாகச் செருகி, அவனும் தோழர் இருவரும் இரண்டு திங்கள் பாடுபட்டுச் செய்தது. சிறகின் நீளம் ஒரு மீட்டர். மூக்கிலே மின்மோட்டார், வயிற்றிலே லித்தியம் மின்கலம், வாலையும் சிறகு விளிம்பையும் அசைக்க விரலளவு சர்வோ மோட்டார்கள். முன்பு மூன்று முறை தலைகுப்புற வீழ்ந்த விமானம் அது. சிறகின் முன்விளிம்பிலிருந்து, அதன் அகலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தொலைவில் எடைமையம் அமைய வேண்டும் என்று அறிந்து, மின்கலத்தை இரண்டு விரற்கடை முன்னே தள்ளினார்கள். எறிந்தான், எழுந்தது! அதிர்ஷ்டத்தால் அன்று, கணக்கால்.

பிறகு கேட்டது அந்த ஒலி. உயரே சென்ற விமானத்தைச் செங்குத்தாகக் கீழ்நோக்கிப் பாய்ச்சினான். மெல்லியதோர் ஊளை எழுந்தது. சக்கரக் கால்களில் இரண்டு குட்டி விசிறிகள். காற்று சுழற்ற அவை ஓலமிட்டன. மாணவர்கள் கைதட்டினர். நாமும் தட்டினோம், மறைப்பானேன்?

அவன் செய்திருந்தது யுங்கர்ஸ் 87; உலகம் அறிந்த பெயர் ஸ்டுக்கா. 1935-இல் முதன்முதல் பறந்த செருமானியக் குண்டுவீச்சு விமானம். உண்மை விமானத்தின் சிறகு 13.8 மீட்டர். அதன் கால்களிலும் இத்தகைய விசிறிகள் பூட்டப்பட்டன. எரிகோ எக்காளம் என்று அதற்குப் பெயரும் இட்டார்கள். ஒரு விமானத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் பறப்பதில் ஒரு பங்கு உண்டு. இதற்குப் பங்கே இல்லை. மாறாக, வேகத்தைக் குறைத்தது. அதனாலேயே பிற்காலத்தில் கழற்றி எறிந்தார்கள். பின் எதற்காகப் பூட்டினார்கள்? குண்டு வீழும் முன்பே கீழே இருப்பவர் நெஞ்சில் அச்சம் வீழ வேண்டும், அதற்காகவே! 1939 செப்டம்பர் 1 விடியற்காலையில், போலந்து நாட்டு வியெலுன் நகரின்மீது ஸ்டுக்காக்கள் குண்டு பொழிந்தன. மருத்துவமனையும் தப்பவில்லை. எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அந்த எக்காளத்தின் குட்டிக் குரலுக்கு நாம் கைதட்டியிருக்கிறோம். தட்டிய கைக்கு எழுதும் கடனும் உண்டல்லவா?

போர்ப் பொம்மையே கூடாது, உடைத்தெறியுங்கள் என்பர் சிலர். நல்ல நெஞ்சினர். ஆனால் உடைப்பதால் அறிவு வளருமா? அந்தச் சிறுவன் இரண்டு திங்களில் கற்ற காற்றியலும் மின்னியலும் நம் வகுப்பறை ஓராண்டில் தந்ததைவிட மிகுதி. அதை ஆசிரியனே ஒப்புக்கொள்ளும்போது வேறு சான்று எதற்கு?

பொறி என்ன செய்யும், மனிதன் அல்லவா செய்தான் என்பர் வேறு சிலர். இவர்கள் பக்கம் வலிமை இருக்கிறது. பொறிக்குக் குலம் ஏது, கோத்திரம் ஏது? மெஸ்ஸர்ஸ்மிட் 109 என்னும் செருமானியச் சண்டை விமானத்தைப் பாருங்கள். 33,000-க்கு மேல் செய்து குவித்தார்கள். அதன் உறுப்புகளை ஃப்ளோசன்பர்க் வதைமுகாமில் அடைபட்டோரைக்கொண்டும் செய்வித்தார்கள். அதே வடிவைப் போருக்குப்பின் செக்கோஸ்லோவாக்கியா வேறு எஞ்சின் பூட்டிச் செய்தது; 1948-இல் புதிதாய்ப் பிறந்த இஸ்ரேல் தன் முதல் சண்டை விமானமாக வாங்கியது அதைத்தான்! யூதரை அழிக்கப் புறப்பட்டவனின் விமானம், யூதர் நாட்டின் விமானமாயிற்று. 1940-இல் இலண்டனைக் காத்த ஸ்பிட்ஃபயர், 1948-இல் தொடங்கிய மலேயா நெருக்கடிநிலையில் ஏகாதிபத்தியத்துக்காகக் காட்டின்மேல் பறந்தது. காத்தவனும் அதுவே, தாக்கியவனும் அதுவே. ஆக, தகட்டைத் தண்டிப்பதில் பொருள் இல்லை, போற்றுவதிலும் இல்லை.

ஆனால் போற்றுகிறோமே! இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வார இறுதியில் புல்வெளிகளுக்குச் சென்றால் ஸ்பிட்ஃபயரும் மஸ்டாங்கும் ஜப்பானிய ஜீரோவும் கையளவு உருவில் வட்டமிடுவதைக் காணலாம். ஐரோப்பாவில் போட்டிகளும் உண்டு. ஒவ்வொரு விமானமும் நீண்ட நாடா ஒன்றை இழுத்துப் பறக்க, ஒன்றன் நாடாவை மற்றொன்றின் விசிறி வெட்ட வேண்டும். வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் பின்னர் ஒன்றாக அமர்ந்து பசை தடவுவர். இதில் பகை இல்லை, உண்மையே. நம் உறுத்தல் வேறு.

இந்தக் கலைஞர்கள் துல்லியத்தின் அடியார்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு, எந்தச் சாம்பல் நிறம், ஆணி வரிசை எத்தனை என்று ஏடு ஏடாகத் தேடுவர். விமானி வீழ்த்திய எதிரிகளின் கணக்கைக்கூட மூக்கருகே கோடிட்டு வரைவர். அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஓர் ஆள் என்பது மட்டும் அந்தத் துல்லியத்தில் சேர்வதில்லை. செருமனியில் நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டத் தடை இருப்பதால், அங்கே விற்கும் மாதிரிகளில் அந்தச் சின்னம் இராது. வாலில் அந்த இடம் வெறுமையாக நிற்கும். வெற்றிடத்தைப் பார்த்து வரலாறு கற்றவன் யார்? எல்லாவற்றையும் அளந்துவிட்டு, செயலை மட்டும் அளக்காமல் விட்ட உருவத்தை உண்மை உருவம் என்று எப்படிச் சொல்வது? பாதி வழியில் நின்றுவிடும் ஆராய்ச்சி, ஆராயாமையைவிட ஆபத்தானது. ஏனெனில் அது தன்னை அறிவு என்று நம்பிக்கொள்கிறது.

ஜீரோவின் கதையில் இது இன்னும் தெளிவாகும். ஹொரிகோஷி ஜிரோ வடித்த விமானம், 1939-இல் முதற்பறப்பு, அழகில் இணையற்றது. நெடுந்தொலைவு பறக்கவும் விரைந்து திரும்பவும் வேண்டுமென்று எடையைக் குறைத்தார்கள். எதை விட்டுக் குறைத்தார்கள்? விமானியைக் காக்கும் இரும்புத் தகட்டை! குண்டு துளைத்தால் தானே மூடிக்கொள்ளும் எரிபொருள் தொட்டியை! அந்த இலேசின் விலை, ஏறி அமர்ந்த இளைஞனின் உயிர். 1944 அக்டோபர் முதல் அதையே குண்டோடு கப்பலில் மோதி மாயவும் அனுப்பினார்கள். நம் மாணவனும் ஒவ்வொரு கிராமாகச் சுரண்டி எடை குறைக்கிறான். ஜீரோவைச் செய்பவன், ஒரு கிராமைக் குறைக்கும்போது யாருக்காக, யாரைக் குறைத்தார்கள் என்று கேட்டால், அவன் அட்டை விமானம் கனத்துவிடாது. அவன் கேள்வி மட்டும் கனக்கும்.

பொம்மைதானே என்று சிரிப்போருக்கு ஒரு சொல். ரெஜினால்ட் டென்னி என்று ஹாலிவுட்டில் ஒரு நடிகர். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர். 1930-களில் மாதிரி விமானக் கடை வைத்தார். அந்தப் பொழுதுபோக்கு வளர்ந்து, வானொலியால் இயங்கும் ஆளில்லா விமானமாகி, பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஏறத்தாழ 15,000 அமெரிக்கப் படைக்குச் சென்றன. (பின்னாளில் மர்லின் மன்றோ என்று உலகம் கொண்டாடிய பெண், அந்தத் தொழிற்சாலைத் தொழிலாளியாக இருந்தவர்தாம்.) அன்று சுடப்படுவதற்காகப் பறந்த பொம்மை, இன்று சுடுவதற்காகவே பறக்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பின்னர் இரு தரப்பும் வெடிமருந்து கட்டி ஏவிய சிறு டிரோன்களில் இருப்பவை என்ன? இதே வகை மோட்டார், இதே லித்தியம் மின்கலம், இதே இரு குச்சிக் கட்டுப்பாட்டுக் கருவி. போர் விமானம் சுருங்கிப் பொம்மையான காலம் ஒன்று. பொம்மையே போர் விமானமாகும் காலம் இது. திடலில் நாம் மெச்சிய கட்டைவிரல் திறமைக்கு இனி விலை பேச ஆள் வரும். நம் அச்சம் இங்கேதான்.

இவற்றையெல்லாம் அந்த மூன்று சிறுவரிடமும் சொன்னோம். தடை போடவில்லை, வியெலுன் நகரின் படத்தைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார்கள். மறுநாள் அந்த இரண்டு குட்டி விசிறிகள் நம் மேசைமேல் இருந்தன. யாரும் கழற்றச் சொல்லவில்லை.

“அப்படியானால் எந்த விமானம் செய்யலாம், ஐயா?” என்றான் அவன். டகோட்டா செய் தம்பி என்றோம் பெருமிதத்தோடு. 1948-49-இல் முற்றுகையிடப்பட்ட பெர்லினுக்கு வானவழியே உணவும் நிலக்கரியும் சுமந்தவற்றுள் அதுவும் ஒன்றல்லவா? இரண்டு நாள் கழித்து வந்தான். படித்துவிட்டு வந்திருந்தான், நாம்தாம் படிக்காமல் பேசியிருந்தோம். அதே டகோட்டாவின் பக்கவாட்டில் இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்தி வியட்நாமில் சுட்டார்களாமே என்றான். ஆம், சுட்டார்கள்.

ஃபோம் அட்டை வந்துவிட்டது. இரண்டு மோட்டார்களும் வந்துவிட்டன. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, இடப்பக்கத்தில் சன்னல் வரையட்டுமா, துப்பாக்கி வாய் வரையட்டுமா என்று கேட்கிறான். நாம் இன்னும் விடை சொல்லவில்லை.