தப்பியவரின் நன்றி

காலையில் எந்த மனநிலையோடு கடவுளைக் கும்பிட வேண்டும் என்று ஆறுமுக நாவலரைக் கேட்டுப் பிரயோசனமில்லை. சூரியன் உதிக்க ஐந்து நாழிகைக்கு, அதாவது இரண்டு மணித்தியாலத்துக்கு, முன்பே எழும்ப வேண்டும் என்கிறது அவருடைய சைவ வினாவிடை. பிறகு காலைக்கடன், பல் துலக்கல், குளிப்பு, திருநீறு, அனுட்டானம் என்று ஒழுங்கு போகிறது. இதனால் மனம் மகிழுமா என்பது அவருடைய கவலையாகத் தெரியவில்லை. கேள்வி பதிலாக எழுதும் அந்த முறையும், மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படித்துப் பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பில் கூட நின்றவருக்கு வேதக்காரரின் ஞானோபதேசத்திலிருந்து கிடைத்ததுதான். சைவ வீட்டு விடியலை ஒழுங்கு செய்ததில் பாதிரிமாருக்கும் பங்குண்டு என்றால் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரும்.

இப்போது கதை மறுவளம். மகிழ்ச்சி முதலில் வருகிறது. கடவுள் வசதிப்பட்டால் வரலாம். 2003 இல் அமெரிக்க உளவியலாளர்கள் எமன்ஸும் மக்கலமும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தமக்கு வாய்த்த நன்மைகளைப் பட்டியலிட்டு எழுதி வந்தவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட மனநிறைவோடு இருந்தார்களாம். அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. விடிய முன்னமே ரொறன்ரோவிலிருந்தும் கொக்குவிலிலிருந்தும் வட்ஸ்அப்பில் வந்து விழுகிற தாமரைப்பூப் படங்களுக்கும் அந்த ஆய்வாளர்கள் பொறுப்பாளிகள் அல்லர்.

அந்தப் பட்டியலை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எழுதத் தொடங்கினால்தான் சிக்கல். சண்டைக் காலத்தில் வளர்ந்த எவருக்கும் முதல் வரி பாடம்: "செல் எங்கட வீட்டிலை விழேல்லை, நல்லூரான்தான் காப்பாத்தினவன்." விழுந்தது பக்கத்து வளவில். அங்கேயும் ஒரு சாமியறை இருந்தது. அன்று காலை அங்கேயும் விளக்குக் கொளுத்தியிருப்பார்கள். 1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்தபோது அங்கே இருந்தது, கோயிலுக்குள் இருந்தால் தப்பலாம் என்று நம்பி வந்த இடம்பெயர்ந்த சனம். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். தப்பியவர் சொல்லும் நன்றிக்குள், செத்தவரின் செபம் மேலே போய்ச் சேரவில்லை என்ற தீர்ப்பும் ஒளிந்து கிடக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, மரியாதைக்காக.

1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சோனகதெருவின் சுபஹுப் பாங்கு நின்றுபோனது. மறுநாள் காலையும் நாங்கள் பூப்பறித்தோம், தேவாரம் பாடினோம். விடியலின் ஓசைகளில் ஒன்று குறைந்துவிட்டதை எத்தனை வீடுகள் கவனித்தன? சரியாக ஐந்து ஆண்டு கழித்து, அதே ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கிவர, மழைக்குள் மூட்டை முடிச்சோடு வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. திகதி ஒத்துப்போனதில் கடவுளின் கணக்கைத் தேடுகிறவன் அல்ல நான். நாள் தவறாமல் கும்பிட்ட எங்களுக்கு, முதலாவது திகதியைக் கவனிக்க இரண்டாவது தேவைப்பட்டது என்பதே போதும்.

நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி சொன்ன 'ஒரு பொல்லாப்பும் இல்லை' என்ற வாக்கை அவருடைய சீடர் யோகர் சுவாமி கொழும்புத்துறைக்குக் கொண்டு போனார். 1964 இல் யோகர் சமாதியானார். பிறகு நடந்தவற்றைப் பார்க்க அவர் இருக்கவில்லை. வாக்கு மட்டும் பல வீடுகளில் இன்றும் புழங்குகிறது. இழந்தவர் தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொண்டால் கையெடுத்துக் கும்பிடலாம். இழக்காதவர் இழந்தவரிடம் போய்ச் சொன்னால் அது வாய்க்கொழுப்பு.

காணாமற்போன பிள்ளையைத் தேடுகிற தாயொருவரின் சாமியறையில்தான் காலைக் கும்பிடு எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது. செவ்வரத்தம்பூ முருகனுக்கு, நந்தியாவட்டை பிள்ளையாருக்கு. பக்கத்தில் மகனின் படம். அதைச் சீலைத் தலைப்பால் துடைப்பார், பூ வைக்கமாட்டார். மாலை போட்டால் செத்தவன் என்று ஆகிவிடும். பிறகு திருநீறு பூசிக்கொண்டு ஆட்டுக்குக் குழை போடப் போவார். முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். எதற்காக இந்தக் கும்பிடு என்று கேட்டால், "எழும்பினால் கும்பிடத்தானே வேணும்" என்பதோடு கதை முடிந்துவிடும். நாவலர் இந்தப் பதிலுக்கு முழுப் புள்ளியும் போட்டிருப்பார்.

அந்தத் தாய் ஏறி இறங்கிய படிகள் வேறும் உண்டு. 2010 இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் பரணகம ஆணைக்குழு, அதன்பின் காணாமற்போனோர் அலுவலகம். போன இடமெல்லாம் பெயரும் திகதியும் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. முருகன் மறுபடி கேட்டதில்லை. பதிலும் சொன்னதில்லை, அந்த ஒரு விஷயத்தில் இரு தரப்பும் ஒன்றுதான். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சித் தாய்மார் தங்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது கந்தசுவாமி கோயில் முன்றலில். அன்றிலிருந்து அந்தப் போராட்டத்தில் இருந்தவர்களில் பலர், பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியாமலே இறந்துவிட்டார்கள்.